மணிவிழாப் பயணம்: ஒரே ஊரில் தங்கி, ரயிலில் போய்வாருங்கள்

அறுபதாம் கல்யாணம் என்றால் திருக்கடையூர், எண்பது என்றாலும் திருக்கடையூர். திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளப்பட்டிப் பக்கம் நெடுங்காலமாக இதுதான் வழக்கம். வேன் பிடித்து முந்தின இரவே கிளம்பி, விடியலில் கலச நீர் ஊற்றி, மாலை மாற்றி, பந்தி முடித்து, மறுநாள் கடை திறக்க வந்துவிடுவார்கள். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை ஒரு தடவையாவது விமானத்தில் ஏற்றி வெளிநாடு காட்டிவிட வேண்டும் என்று பணம் சேர்க்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசை டிராவல்ஸ்காரரின் மேஜைக்குப் போனதும் ‘ஏழு நாள், மூன்று நாடு, ஐந்து ஊர்’ என்று அட்டவணை போட்டு வெளியே வருகிறது. விழா நாயகருக்கு வயது அறுபதோ எழுபதோ. முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, சாப்பிட்டதும் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும் பழக்கம் எல்லாம் இருக்கும். அட்டவணையோ முப்பது வயதுக்காரருக்குப் போட்டது. மணிவிழாப் பயணத்தை நடத்த ஏற்ற முறை ஒன்று உண்டு. ரயில்கள் கூடும் ஓர் ஊரில், ஒரே தங்குமிடத்தில், கடைசிவரை இருந்துகொள்வது. பார்க்க வேண்டியவற்றைக் காலையில் ரயிலேறிப் போய்ப் பார்த்து இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்புவது. இதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓட்டல் மாறும் நாளில் நடப்பது என்ன? காலையில் பெட்டி கட்ட வேண்டும். தாத்தாவின் மருந்துப் பை எந்தப் பெட்டியில் போனது என்று தேட வேண்டும். பகல் பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்தால் அடுத்த ஊரில் அறை கிடைப்பது இரண்டு அல்லது மூன்று மணிக்கு. இடைப்பட்ட நேரம் முழுக்க பஸ்ஸிலும் ஓட்டல் வரவேற்பறை நாற்காலியிலும் கழியும். ஒரு தடவை மாறினால் குறைந்தது அரை நாள் போகும். ஏழு நாளில் மூன்று தடவை மாறினால் ஒன்றரை நாள், அதாவது போய்வரும் விமான நாட்களைக் கழித்தால் மிஞ்சும் ஐந்து நாளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, பெட்டி தூக்குவதிலேயே முடிந்துவிடும். பத்துப் பேர், பதினைந்து பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். பேக்கேஜ் விளம்பரத்தில் இந்த ஒன்றரை நாளுக்கு விலை போட்டிருக்க மாட்டார்கள். அதைக் கொடுப்பது அப்பத்தாவின் இடுப்பு.

ஒரே இடத்தில் தங்குவதில் இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: குடும்பம் பிரியலாம், திரும்பக் கூடலாம். மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது எல்லாருக்கும் ஒரே வேகம் இருக்காது. கல்லூரியில் படிக்கும் பேத்தி மாடிக் கட்டடத்தின் உச்சிக்குப் போக வேண்டும் என்பாள். கைக்குழந்தைக்காரி பகலில் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும். சம்பந்தி வீட்டாருக்குக் கோவிலும் கடைவீதியும் போதும். தினம் ஊர் மாறும் பயணத்தில் யாரும் விலக முடியாது; எல்லாரும் எல்லா இடத்துக்கும் இழுபட வேண்டும். அறை நிலையாக இருந்தால் ‘இன்றைக்கு நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள்’ என்று ஒருவர் நிம்மதியாகச் சொல்லலாம். இரவில் எல்லாரும் ஒரே மேஜையில் உட்காருகிறார்களா என்பதுதான் விழாவுக்கு முக்கியம். பகலில் யார் எத்தனை இடம் பார்த்தார்கள் என்பது அப்புறம்.

இதற்கு நம் பக்கத்தவர்களுக்கு மிக வசதியான ஊர் கோலாலம்பூர். அதிலும் பிரிக்ஃபீல்ட்ஸ். காரணம் சொல்கிறேன். சின்னாளப்பட்டியிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து நேரடி விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் அனுமதி. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் இருப்பது கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் காலடியில். 2001இல் திறந்த இந்த நிலையத்தில்தான் விமான நிலைய ரயில், புறநகர் ரயிலான கோமுட்டர், தொலைதூர மின்ரயிலான இ.டி.எஸ். எல்லாம் வந்து சேர்கின்றன. நிலையத்தை விட்டு இறங்கினால் தமிழ்ப் பலகை, பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு. இது ஏதோ சுற்றுலாவுக்காக ஜோடித்த தெரு என்று நினைக்க வேண்டாம். ரயில்வே ஊழியர்கள் குடியிருந்ததால் வளர்ந்த பகுதி இது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேயில் எழுத்தராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் வேலைக்கு வந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கந்தசாமி கோவில் இன்றும் அங்கே இருக்கிறது. 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள், இந்தியாவின் மன்மோகன் சிங்கும் மலேசியாவின் நஜிப் ரசாக்கும், சேர்ந்து இதை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தது பிற்பாடு நடந்த சடங்கு. காலையில் இட்லியும் இரவில் ரசமும் கிடைக்கும் இடத்தில் தங்கினால் பெரியவர்கள் விஷயத்தில் பாதிக் கவலை தீர்ந்தது. மற்ற ஊர்களில் ‘இந்தியன் டின்னர்’ என்ற பெயரில் சுற்றுலாக் குழுக்களுக்குப் போடும் பனீர் குழம்பைத் தினமும் சாப்பிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம். ஆனால் பத்துப் பேர் பெட்டியோடு இறங்கும் அன்று மட்டும் வேன் எடுங்கள். ஆளுக்கொரு டிக்கெட் போட்டால் வேனைவிடக் கூட ஆகும், பெட்டிகளும் இம்சை. ரயில் பக்தி அந்த அளவுக்கு வேண்டாம். ரயிலின் பலன் மறுநாளிலிருந்து, கை வீசிக்கொண்டு போகும்போதுதான் தெரியும்.

முதல் நாள் பத்துமலை. சதுர்முக முருகன் இருக்கும் ஊரிலிருந்து, தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் சாரி சாரியாக நடக்கும் மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் ஏது? கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ஏறினால் கடைசி நிலையமே பத்துமலைதான். 2010இல் இந்தப் பாதையை மின்மயமாக்கி நிலையத்தைக் கோவில் வாசலிலேயே வைத்துவிட்டார்கள். சில ரிங்கிட்தான் கட்டணம். பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் உண்டு. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கோவில் வளாகம். இங்கே வழிபாட்டைத் தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை. 1891இல் குகையில் முருகனை வைத்தார், 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 2006இல் திறந்த 140 அடி முருகன் சிலையைக் கீழே நின்றபடியே கண்குளிரப் பார்க்கலாம். மேலே குகைக்கு 272 படி. இங்கேதான் ரயில் திட்டத்தின் அருமை. படி ஏறக் கூடியவர்கள் ஏறட்டும். தாத்தாவும் அப்பத்தாவும் அடிவாரத்துக் கோவில்களில் கும்பிட்டு, இளநீர் குடித்து, ஒரு பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம். வேன் என்றால் கடைசி ஆள் இறங்கி வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டும். தைப்பூசத்தன்று மட்டும் இந்தத் திட்டத்தைக் கனவிலும் நினைக்காதீர்கள். லட்சக்கணக்கில் கூட்டம் வரும். மணிவிழாத் தம்பதியை அந்த நெரிசலில் நிறுத்துவது பாவம்.

அடுத்தது ஈப்போ. கோலாலம்பூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். இ.டி.எஸ். ரயில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும்; கழிப்பறை உண்டு, தேநீர் வாங்கப் பெட்டி உண்டு. ஏசி மட்டும் கடுமை, பெரியவர்களுக்குச் சால்வை அவசியம். ஈப்போ நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம். ஹபக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வெள்ளை வெளேரென்று குவிமாடங்களோடு கட்டியதை ‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்பார்கள். ஊருக்குள் கல்லுமலை முருகன். அதே பாதையில், ஈப்போவுக்குச் சற்று முன்னால், பத்து காஜா நிலையம். அதனருகே முடியாமல் நின்றுபோன கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி இதைக் கட்டத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போர் முடிகிற சமயம் பரவிய விஷக்காய்ச்சலில் அவர்களில் பலர் மாண்டார்கள். அதன்பிறகு ஆட்கள் கேட்டுக்கொண்டபடி பக்கத்திலேயே மாரியம்மன் கோவில் எழும்பியது. அந்தக் கோவிலின் மேல்தளச் சுதைகளுக்கு நடுவில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்றும் நிற்கிறது. கெல்லி 1926இல் லிஸ்பனில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. கூலி ஆட்களுக்காகக் கட்டிய கோவிலில் இன்றும் பூசை நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரட்டைக் கோபுரத்தைக் காட்டுவதைவிட இதைக் காட்டுவது மேல் என்பது என் கட்சி.

மூன்றாவது கிள்ளான். கோமுட்டரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பாதை முடியும் இடம் போர்ட் கிள்ளான். அன்றைய பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். கங்காணிகள் திரட்டிய ஆட்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கிலும் இந்தத் துறையிலும் இறங்கித்தான் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அது ஓயவில்லை. பிறகும் ‘ரஜூலா’, ‘சிதம்பரம்’ என்று பயணிகள் கப்பல்கள் இந்த வழியில் ஓடின. தென் மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு மலேயாவுக்குப் போன பெரியப்பா ஒருவரின் கதை இருக்கும். அவர் இறங்கிய கரையைப் பார்ப்பதற்கு ரயிலில் ஒரு பகல் செலவழிப்பது வீண் இல்லை. கிள்ளான் நகரத்தில் ஒரு முழுத் தெருவே தமிழ்க் கடைவீதி. ஜவுளித் தொழிலில் இருப்பவர்கள் அங்கே வேடிக்கை பார்க்க மட்டும் போக மாட்டார்கள். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைக்காரருக்குத் துணியைத் தொட்டுப் பார்த்து விலை விசாரிக்காமல் இருக்க முடியுமா?

இனி ஆட்சேபங்கள். ‘அவ்வளவு பணம் செலவழித்து ஒரே ஊரிலா கிடப்பது? சிங்கப்பூர், பினாங்கு, கேமரன் மலை, ஜென்டிங் எல்லாம் எப்போது பார்ப்பது?’ என்பார்கள். நியாயமான கேள்வி. ரயில் எல்லா இடத்துக்கும் போவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேமரன் மலைக்கும் ஜென்டிங்குக்கும் ரயில் கிடையாது. மலாக்காவுக்கும் நகருக்குள் ரயில் இல்லை. தம்பின் பக்கம் இறங்கி இன்னும் முப்பது நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். பினாங்குக்கு பட்டர்வொர்த் வரை நாலு மணி நேரத்துக்கு மேல் ரயில், பிறகு படகு. போய்வர ஒரே நாளில் முயன்றால் ரயிலைத் தவிர எதையும் பார்க்க மாட்டீர்கள். தண்ணீர்மலை முருகன் மேல் எவ்வளவு பக்தி இருந்தாலும் இந்தப் பயணத்தில் பினாங்கை விட்டுவிடுவதே நல்லது. ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் என்று கோடு போட்டுக்கொண்டு, அதற்குள் வராததைத் துணிந்து தள்ள வேண்டும். ஜென்டிங் பிள்ளைகளுக்கு வேண்டும் என்றால் கே.எல். சென்ட்ரலிலிருந்தே பஸ் போகிறது. இளைஞர்கள் அன்று காலையில் போய் இரவில் வரட்டும். பெரியவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓய்வெடுக்கட்டும். அறை ஒரே இடத்தில் இருப்பதால்தான் இதைச் செய்ய முடிகிறது. சிங்கப்பூர் இன்னொரு நாடு, இன்னொரு விசா, இன்னொரு ஓட்டல். மணிவிழா வருஷத்தில் அது வேண்டாம்.

‘பேக்கேஜில் போனால் பொறுப்பு அவர்கள் தலையில், நாமே போட்டால் தப்பு நடந்தால் யார் பார்ப்பது?’ என்பது அடுத்தது. இதில் உண்மை இருக்கிறது. வழி தவறினால், உடம்புக்கு முடியாமல் போனால், கூட ஒருவர் இருப்பது பெரிய தைரியம். ஆனால் பேக்கேஜ் தருகிற தைரியத்தில் பெரும்பகுதி, மொழி தெரியாத ஊரில் தினம் இடம் மாறுவதால் உண்டாகும் பயத்துக்கு மருந்து. இடம் மாறாமல் இருந்தால், அதுவும் மருந்துக் கடையில் தமிழில் பேசக் கூடிய ஊரில் இருந்தால், அந்தப் பயமே குறைந்துவிடும். வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு மட்டும் எல்லாருக்கும் கட்டாயம் எடுங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பழைய நோய்கள் அதில் சேருமா என்று பாலிசியை வரி வரியாகப் படித்துவிட்டு எடுங்கள். ஏஜென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விமான டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் அவர் உதவட்டும். தினசரி அட்டவணையை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

‘வயசானவர்களுக்கு வேன்தானே சுகம்?’ என்பவர்களும் உண்டு. வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்குவது சுகம்தான். ஆனால் மூன்று மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்து, கழிப்பறைக்கு ஓட்டுநரிடம் கேட்டுக் கேட்டு நிறுத்துவதைவிட, நினைத்தபோது எழுந்து நடக்கலாம் என்பது சர்க்கரைக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். திண்டுக்கல்லில் ரயிலேறி பழனிக்குப் போய்வருகிற பெரியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில் நிலையத்திலிருந்து கோவிலுக்கும் மாளிகைக்கும் போக மலேசியாவில் கிராப் வாடகைக் கார் இருக்கிறது. ஈப்போவில் அது இல்லாமல் முடியாது.

ஏழு நாள் ஒதுக்க முடியாதவர்களுக்கு, செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு, கொழும்பு இருக்கிறது. மதுரையிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். ரயிலும் இலங்கையும் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. நம் அம்பாத்துரை நிலையம் இருக்கும் திருச்சி–மதுரைப் பாதை 1875இல் வந்தது. போட் மெயில் அந்தக் காலத்தில் இந்த வழியாகத்தான் தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக் கப்பலைப் பிடித்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்கு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அந்தத் தொடர்பும் போனது. இன்று கொழும்பில் தங்க ஏற்ற இடம் வெள்ளவத்தை. தமிழர்கள் நிறைந்த பகுதி, சைவச் சாப்பாடு தாராளம், கடலோர ரயில் பாதையில் அதற்கென்று நிலையமும் இருக்கிறது. கடலை ஒட்டியே ஓடும் அந்தப் பாதையில் காலிக்கு இரண்டரை மணி நேரம் அளவில் போய்விடலாம். காலிக் கோட்டை, அந்த ஊர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். கண்டிக்குக் கொழும்பின் கோட்டை ரயில் நிலையத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் நாசம் செய்தது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று கிளம்புவதற்குமுன் விசாரித்துக்கொண்டே கண்டியைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பதுளை வரை போகும் அழகான பாதை நன்றாக ஓடிய காலத்திலேயே ஒரு முழுப் பகலுக்கான பயணம். போய்வருகிற கணக்கில் அது வராது.

ஒரே இடத்தில் தங்கி ரயிலில் சுற்றுவதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது சுவிட்சர்லாந்து எனலாம். 1982 முதல் அங்கே ரயில்கள் மணிக்கு மணி அதே நிமிடத்தில் கிளம்பும்படி அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒரு ரயிலை விட்டால் குடி முழுகிப் போகாது. ஜப்பானில் ஒசாகாவில் தங்கினால் கியோட்டோ, நாரா, ஹிமேஜி எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். வசதி உள்ளவர்கள் அங்கேயும் இதே முறையில் போகலாம். மலேசியாவில் அந்தச் சொகுசு கிடையாது. இ.டி.எஸ். ரயில்கள் குறிப்பிட்ட நேரத்தில்தான். வார இறுதியிலும், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி சமயங்களிலும் இடம் கிடைக்காது. அதனால் ஈப்போ டிக்கெட்டை, போகவும் வரவும் சேர்த்து, ரயில்வேயின் செயலியில் ஊரிலிருந்தே எடுத்துவிட வேண்டும். பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். பத்துமலைக்கும் கிள்ளானுக்கும் முன்பதிவு தேவையில்லை, அன்றைக்கு அன்று போய்க்கொள்ளலாம்.

நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் எப்போதும் வரும். மணிவிழாவை ஜன்ம நட்சத்திரத்தில்தான் செய்ய வேண்டும். அந்த நாளில் பிள்ளைகளுக்கு லீவு இருக்காது, ஜவுளிக்காரர்களுக்குத் தீபாவளி முடியும்வரை கடையை விட்டு நகர முடியாது, பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை. சடங்கையும் பயணத்தையும் ஒன்றாகக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. நட்சத்திர நாளில் திருக்கடையூரிலோ உள்ளூரிலோ சடங்கை முடித்துவிடுங்கள். பயணம் அந்த வருஷத்துக்குள் எப்போது எல்லாருக்கும் தோதோ அப்போது. கோலாலம்பூரில் 1873 முதல் இருக்கும் மகா மாரியம்மன் கோவிலில் தம்பதி பேரில் ஓர் அர்ச்சனை செய்துகொண்டால் மனசுக்கும் நிறைவு.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் முதலில் பாஸ்போர்ட். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். நம் பெரியவர்களுக்கு இனிஷியல்தான் வில்லங்கம். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரித்து ஒரு மாதிரி, விமான டிக்கெட்டில் மூன்றாவது மாதிரி என்று இருந்தால் கவுண்டரில் நிற்க வேண்டியதுதான். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய, போய்ச் சேர்வதற்குமுன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பத்துப் பேருக்கும் ஒரே பேரன் உட்கார்ந்து நிரப்பிவிடலாம். ஏஜென்டிடம் போகிறவர்கள் விலை கேட்பதற்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: ஒரே அறையில் எத்தனை இரவு? ‘இரண்டு’ என்று பதில் வந்தால் அந்தப் பேக்கேஜ் உங்கள் அப்பா அம்மாவுக்குப் போட்டது அல்ல. எழுந்து வந்துவிடுங்கள்.